சட்டை உரித்து நாலு நாளாச்சு, பூச்சியைக் கண்டு ஓடுகிறது

புதுப்புற்று:
வணக்கம். என்னிடம் இருப்பது மெக்சிகன் ரெட்னீ டரான்டுலா என்ற பெரிய சிலந்தி. பெயர் மிளகாய். உள்ளங்கை அளவு இருக்கும். ஆணா பெண்ணா தெரியாது. ஒன்றரை மாதமாகவே எதையும் தொடவில்லை. வயிற்றில் மயிர் உதிர்ந்து வழுக்கையாக இருந்த இடம் கருத்துக்கொண்டே போனது. போன ஞாயிறு காலை எழுந்து பார்த்தால் மல்லாந்து கிடக்கிறது. சட்டை உரிக்கும்போது அப்படித்தான் படுக்கும் என்று முன்பே படித்திருந்ததால் கையை வைக்கவில்லை. இல்லாவிட்டால் செத்துப்போச்சு என்று எடுத்துப் புதைத்திருப்பேன். முழுசாக வெளியே வர ஐந்து மணி நேரம் பிடித்தது.

நேற்று நாலாம் நாள், நல்ல கொழுத்த கிரிக்கெட் பூச்சி ஒன்றைப் போட்டேன். பாயும் என்று பார்த்தால், பூச்சியின் மீசை காலில் பட்டதும் விழுந்தடித்து மூலைக்கு ஓடிவிட்டது. இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. நடுநடுவே ஒரு காலை மட்டும் நீட்டுகிறது, மடக்குகிறது, யோகா செய்வதுபோல. பசிக்காதா? பூச்சியின் தலையை நசுக்கிப் போட்டுப் பார்க்கவா? மண்ணை நனைக்கவா?

ஒட்டடை:
முதலில் அந்தப் பூச்சியை வெளியே எடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம். நீள இடுக்கி, மெதுவாக.

எடுத்தாச்சா? சரி. புது ஓடு இன்னும் இறுகவில்லை, மிளகாய் பயந்து ஓடியது நியாயம்தான். கிரிக்கெட்டுக்கும் வாய் உண்டு, பசித்தால் கிடைத்ததைக் கடிக்கும். என் முதல் சிலந்தி ஒரு சிலி ரோஸ். ராத்திரி சட்டை உரித்தது, மரப்பட்டைக்கு அடியில் ஒரு பூச்சி மிச்சம் இருந்ததை நான் மறந்துவிட்டேன். காலையில் பின்னங்கால் மூட்டில் ஒரு துளி நின்றது. தண்ணீர் என்று நினைத்தேன். வெளிச்சத்தில் லேசான நீலம். சிலந்தியின் ரத்தம் அது. சோள மாவைத் தூரிகையில் தொட்டு ஒற்றியதும் கசிவு நின்றது. ஆனால் கொஞ்ச நாளில் அந்தக் காலை அதுவே கழற்றிப் போட்டுவிட்டது. அடுத்த முறை உரித்தபோது ஈர்க்குச்சி மாதிரி ஒரு கால் வந்தது, அதற்கடுத்த முறைதான் மற்றவற்றோடு சேர்த்துச் சொல்லும்படி ஆனது.

ஒரு துளி போனால் என்ன என்று தோன்றும். சிலந்தியின் காலில் முக்கியமான மூட்டுகளில் மடக்கத்தான் தசை உண்டு. நீட்டுவது உடம்புக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தால். அது குறைந்தால் நடையே தடுமாறும். அதனால் இப்போது சாப்பாட்டைவிடத் தண்ணீர்தான் முக்கியம். கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பி வையுங்கள். மேலே தெளிக்க வேண்டாம்.

எப்போது சாப்பாடு போடலாம் என்பதற்கு நாள்காட்டியைவிட அதன் பல்லைப் பாருங்கள். உரித்த அன்று பால் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், கடைசியில் கருக்கும். நன்றாகக் கருத்த பிறகும் நான் இரண்டு மூன்று நாள் விட்டுத்தான் போடுவேன். பல்லைப் பார்க்கிறேன் என்று குச்சியால் தூக்காதீர்கள். கண்ணாடியில் ஏறும்போது கீழிருந்து டார்ச் அடித்தால் தெரியும். ஒன்றரை மாதம் பட்டினி கிடந்தது இன்னும் பத்து நாள் கிடக்காதா? காலை நீட்டி மடக்குவது வழக்கமானதுதான். நசுக்கிய பூச்சியும் வேண்டாம்.

சில்வண்டு:
என்னுடையது மூணாம் நாளே பூச்சியைப் பிடித்துச் சாப்பிட்டுவிட்டதே? இவ்வளவு பயப்பட வேண்டுமா?

ஒட்டடை:
உங்களுடையது குட்டியாக இருக்கும். நகத்தளவு குட்டிக்கு மூணு நாலு நாளில் எல்லாம் இறுகிவிடும். வளர்ந்ததற்கு பத்து முதல் பதினாலு நாள், பெரிய பெண் சிலந்தி என்றால் இன்னும் கூட ஆகலாம்.

எட்டுக்கால்:
மண் விஷயம் விட்டுப்போச்சு. தேங்காய் நார்த்தூளை முழுக்க நனைக்காதீர்கள், ரெட்னீக்குச் சேறு பிடிக்காது. கிண்ணத்தைச் சுற்றி ஒரு மூலை ஈரமாக இருந்தால் போதும். நிமிர்ந்த நிலையிலேயே எட்டுக் காலும் உடம்புக்கு அடியில் சுருண்டு போனால்தான் கவலைப்பட வேண்டும்.

அப்புறம், உரித்த சட்டை இருக்கிறதா, குப்பையில் போட்டுவிட்டீர்களா? அதில்தான் ஆணா பெண்ணா என்பது இருக்கிறது. ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். வயிற்றுப் பகுதி கசங்கிய டிஷ்யூ மாதிரி இருக்கும், அதைப் பொறுமையாக விரித்து உள்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாக நாலு திட்டு தெரியும், அவை புத்தக நுரையீரலின் உறை. ஆமாம், மூச்சுறுப்பின் உறையைக்கூட உரித்துப் போடுகிறது! மேலே உள்ள இரண்டு திட்டுக்கும் நடுவே தனியாகத் தூக்கிப் பார்க்கும்படி ஒரு மடல் இருந்தால் பெண்.

புதுப்புற்று:
பூச்சியை அன்றே எடுத்துவிட்டேன். சட்டையைத் தீப்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன், மடக்கி அடைத்ததில் இரண்டு கால் ஒடிந்துவிட்டது. ஊறவைத்து விரிக்கும்போது ஓரத்தில் கிழிந்தும் போனது. ஆனால் நடுவில் ஊசி முனையால் தூக்கினால் எழும்புகிற மாதிரி ஒரு மடல். பெண்தானே?

எட்டுக்கால்:
பெண்தான். 20 வருடத்துக்கு மேலேயும் இருப்பாள். வீட்டில் சொல்லிவிட்டீர்களா?

புதுப்புற்று:
இன்னும் சொல்லவில்லை. இரண்டு வருடம்தான் இருக்கும் என்று சொல்லித்தான் வாங்கி வந்தேன்.

எட்டாம் நாள் கண்ணாடியில் ஏறினாள். பல் செம்மண் நிறம். பன்னிரண்டாம் நாள் கருப்பு. பதினைந்தாம் நாளான இன்று, அவள் வயிற்றில் பாதியளவு பூச்சி ஒன்றைப் போட்டேன். அது கீழே விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை, வாயில் இருந்தது. தின்று முடித்துக் கிண்ணத்தில் போய்க் குனிந்து நிற்கிறாள்.