மாடு வித்த காசுக்கு பில்லு கேக்குறாங்க, கட்சி செலவுக்கு லிமிட்டே கெடையாதாம். இது என்ன நியாயம்?

காராம்பசு:
2024 லோக்சபா எலக்‌ஷன் சமயத்துல நடந்தது, இன்னும் எனக்கு ஆறல. அப்பாவுக்கு மாட்டு யாவாரம். சந்தைல ரெண்டு ஜோடி வித்துட்டு 1,86,000 ரூபாய வேட்டி மடிப்புல சொருகிட்டு டெம்போல டிரைவர் பக்கத்துல உக்காந்து வந்துட்டு இருந்தாரு. ராத்திரி பத்து மணிக்கு தேர்தல் செக்கிங்காரங்க வண்டிய ஓரங்கட்ட சொல்லி, ஒருத்தர் டார்ச் அடிக்க இன்னொருத்தர் கேமராவ மூஞ்சிக்கு நேரா புடிக்க, அறுவத்தாறு வயசு மனுசன் நடுரோட்டுல நின்னு வேட்டி மடிப்ப பிரிச்சு காட்டிருக்காரு. ‘50,000க்கு மேல இருக்கே, டாக்குமெண்ட் எங்கய்யா’ன்னா அவரு எதக் காட்டுவாரு? துண்டுக்குள்ள வெரல புடிச்சு பேசுன வெலைக்கு எந்த ஊர்ல பில்லு போடுறாங்க? பணம் கருவூலத்துக்கு போயி, நாலு தடவ அலைஞ்சு, பதினோராம் நாள் கைக்கு வந்துச்சு. அதுக்குள்ள அடுத்த சந்தைக்கு மாடு புடிக்க காசில்லாம ரெண்டு வட்டிக்கு வாங்குனாரு. அந்த வட்டிய எந்த கமிஷன் குடுக்கும்? இதே ஊர்ல மேடைக்கும் லைட்டுக்கும் ஹெலிகாப்டருக்கும் கோடி கோடியா கொட்டுறானுங்க, அத எவன் கேட்டான்?

மூணாவது_ஷிப்ட்:
உங்கப்பாவுக்கு நடந்தது வருத்தம்தான் தம்பி. ஆனா டார்ச் அடிச்ச பக்கத்துல நின்ன ஆளு நானு, அதாவது அதே ஆள் இல்ல, அதே வேல. சொந்த டிபார்ட்மெண்ட் வேலைய விட்டுட்டு எட்டு மணி நேர ஷிப்ட்ல ரோட்ல நிப்போம், கூட ஒரு போலீசு, ஒரு வீடியோகிராபர். அந்த கேமரா உங்கப்பாவ மட்டும் புடிக்கல, என்னையும்தான் புடிக்குது. ‘பாவம் பெரியவர், போங்க’ன்னு விட்டா மறுநாள் வீடியோ பாத்துட்டு மெமோ வரும், எவ்ளோ வாங்குனன்னு கேப்பாங்க. பணம் வேட்டி மடிப்புலதான் வரும், நெத்தில கட்சி பேரு எழுதிட்டா வரும்? 2016ல அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும் எதுக்கு நின்னுச்சு, 2017ல ஆர்.கே.நகர் எதுக்கு ரத்தாச்சு, 2019ல வேலூர் எம்பி தேர்தலே எதுக்கு கேன்சலாகி ஆகஸ்ட்ல நடந்துச்சு? எல்லாம் பணம்தான். நம்ம ஊர்ல செக்கிங் வேணாம்னு சொல்றது வெள்ளாட்ட காவலுக்கு வச்ச கததான்.

காராம்பசு:
செக்கிங் வேணாம்னு நான் எங்க சொன்னேன் சார்? யார செக் பண்றீங்கன்னுதான் கேக்கேன்.

கணக்கு_வாத்தி:
ரெண்டு பேரும் சட்டத்த எடுத்து படிங்க. 50,000ங்கறது சட்டமே இல்ல, தேர்தல் கமிஷனோட வழிகாட்டு நெறி. அதுலயும் என்ன இருக்கு? வேட்பாளரோ அவரோட ஏஜெண்டோ கட்சிக்காரனோ வர்ற வண்டி, இல்ல போஸ்டர் பிரசார சாமான் ஏத்துன வண்டி, அதுல 50,000க்கு மேல இருந்தா பறிமுதல். மாடு ஏத்துன டெம்போன்னு எங்கயும் எழுதல. ரோட்டுக்கு வரும்போது அது ‘எவன்கிட்ட இருந்தாலும் 50,000’ன்னு ஆயிருச்சு. அதே வழிகாட்டு நெறில அடுத்தாப்புல ஒரு வரி இருக்கு பாருங்க, நட்சத்திர பேச்சாளர் தன்னோட கைச்செலவுக்குன்னு 1 லட்சம் வரைக்கும் வச்சிருந்தா புடிக்கப்படாது. கட்சி நிர்வாகி பொருளாளர் கையெழுத்து போட்ட சீட்டு, இவ்ளோ பணம் இன்ன செலவுக்குன்னு, காட்டுனா சீட்ட ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு விட்றணும்.

காராம்பசு:
அய்யோ சாமி. அப்ப எங்கப்பா ஒரு கட்சில பொருளாளரா சேந்துருந்தா அன்னிக்கே வீட்டுக்கு வந்து சோறு தின்னுருப்பாரு.

மூணாவது_ஷிப்ட்:
வாத்தியாரே படிக்க நல்லாருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு நிக்கிற வண்டில இருக்கறவன் கட்சிக்காரனா இல்லையான்னு எப்டி கண்டுபுடிக்கறது, உறுப்பினர் கார்டு கேட்டா குடுப்பானா? அதான் எல்லாத்தையும் புடிச்சு வை, கமிட்டி பாத்துக்கும்னு சொல்றாங்க. மூணு ஆபீசர் கமிட்டி இருக்கு, கட்சி சம்பந்தம் இல்லன்னா விடுவிக்கணும். இழுத்தடிக்கறாங்கங்கறது வாஸ்தவம், அத நான் மறுக்கல.

கணக்கு_வாத்தி:
சரி செலவுக்கு வருவோம். எம்பி வேட்பாளருக்கு செலவு உச்சவரம்பு 95 லட்சம், எம்எல்ஏவுக்கு 40 லட்சம், 2022ல ஏத்துனது. நம்ம ஊர்ல ஒரு எம்பி தொகுதிக்கு சராசரியா 16 லட்சம் ஓட்டர்னு வச்சா ஆளுக்கு 6 ரூபா. இந்தப் பக்கம் சென்டர் ஃபார் மீடியா ஸ்டடீஸ்னு ஒரு அமைப்பு 2024 தேர்தலுக்கு நாடு முழுக்க மொத்த செலவு 1.35 லட்சம் கோடி ஆகும்னு மதிப்பு போட்டாங்க, மதிப்புதான், யாரும் ரசீது எண்ணல. இருந்தாலும் 97 கோடி ஓட்டருக்கு வகுத்து பாருங்க, தலைக்கு 1,400 ரூபா கிட்ட வருது. 6 எங்க 1,400 எங்க? வேட்பாளருக்குத்தான் கயிறு, கட்சிக்கு கயிறே கெடையாது. 1974ல சுப்ரீம் கோர்ட்டு ‘கட்சி செலவு பண்ணாலும் வேட்பாளர் கணக்குலதான் வரணும்’னு சொல்லுச்சு, உடனே பார்லிமெண்ட்ல சட்டத்த திருத்தி அத செல்லாக்காசு ஆக்கிட்டாங்க. அப்றம் கட்சிக்கு பேர் சொல்லாம நன்கொடை குடுக்க தேர்தல் பத்திரம்னு ஒண்ணு, 2018லருந்து 16,500 கோடி அளவுக்கு வித்துச்சு, யாரு யாருக்கு குடுத்தான்னே தெரியாது, 2024 பிப்ரவரில கோர்ட்டு ரத்து பண்ணப்பறந்தான் பட்டியலே வெளிய வந்துச்சு. மாட்டுக்காரர் நின்ன எடத்துல பேரு, நம்பரு, பணம் எங்கருந்து வந்துச்சு, எங்க போவுது எல்லாம் சொல்லணும். பத்திரம் வாங்குனவங்க வெளிய எதுவும் சொல்ல வேணாம்னு இருந்துச்சு.

மூணாவது_ஷிப்ட்:
அதுக்காக ரோட்ல நிக்கறத நிறுத்திரலாமா? 2024ல நாடு முழுக்க மொதக் கட்ட ஓட்டுப்பதிவுக்கு முன்னாடியே 4,650 கோடிக்கு பறிமுதல், 2019ல மொத்த தேர்தலுக்கே அவ்ளோ இல்ல. இது சாதாரணமா?

கணக்கு_வாத்தி:
அந்த 4,650 கோடிய பிரிச்சு பாத்தீங்களா சார்? ரொக்கம் 400 கோடி கூட வராது. 2,000 கோடிக்கு மேல போதைப் பொருள். அத புடிச்சது நல்லதுதான், ஆனா அதுக்கும் வேட்டி மடிப்புக்கும் சம்பந்தமே இல்ல.

பழைய_பூத்து:
எல்லாரும் பேசுங்க பேசுங்க. நான் மூணு தேர்தல் பூத் ஏஜெண்டா உக்காந்தவன், இப்ப எதுலயும் இல்ல, முழங்கால் வலி. பணம் டெம்போல வரும்னு நெனக்கிறதே தமாசு. தேதி அறிவிக்கறதுக்கு முன்னாடியே எறங்கி உள்ளூர்லயே பத்து வீட்ல ஒக்காந்துரும். கடைசி ரெண்டு ராத்திரி ஓட்டர் லிஸ்ட்ட கைல வச்சுக்கிட்டு, வீட்டுக்கு எத்தன ஓட்டு, யாரு வெளியூரு, எந்த கெழவி செத்துட்டான்னு வரைக்கும் பென்சில்ல டிக் அடிச்சு குடுப்பாங்க. வாங்கலன்னா சண்டைக்கு வருவாங்க, பக்கத்து வீட்டுக்கு குடுத்துட்டு எனக்கு இல்லையான்னு. மேடை செலவும் அப்டித்தான். நாற்காலி எத்தன, டீ எத்தனன்னு எண்ண கேமராவோட ஒரு டீம் வரும், கலெக்டர் ஆபீஸ் ரேட் லிஸ்ட்டு படி நிழல் பதிவேட்டுல, அதாவது அவங்க தனியா வச்சுக்கற செலவுக் கணக்குல, எழுதும். நாங்க என்ன பண்ணுவோம், ‘நாற்காலி எங்க ஆளுங்க சொந்தமா கொண்டாந்தது’ன்னுவோம். சிரிச்சுட்டே எழுதிக்குவாங்க. காராம்பசு தம்பி, ஒண்ணு கேக்கேன் கோச்சுக்காத, உங்க வீட்ல கவர் வாங்கலயா?

காராம்பசு:
வாங்குனோம்ணே. பொய் சொல்லல. நாலு ஓட்டு, ரெண்டு கட்சிட்டயும். அம்மா முருகன் படத்துக்கு பின்னாடி வச்சுச்சு. அப்பா வட்டி கட்ட கேட்டப்ப அதுலருந்துதான் எடுத்து குடுத்துச்சு, போங்க.

தேன்சிட்டு:
பணத்த பத்தியே பேசுறீங்க, எங்கம்மா கதைய கேளுங்க. விதவை பென்ஷன் நின்னு போயி மனு குடுக்க போனா, நடத்தை விதி வந்துருச்சு, திங்கக்கெழம குறைதீர் கூட்டம் கெடையாது, அந்தா பெட்டி இருக்கு அதுல போடுங்கன்னாங்க. ஒரு தகரப் பெட்டி, நடுவுல ஓட்ட. போட்டாங்க. நம்ம ஊர்ல ஓட்டு ஏப்ரல் 19ல முடிஞ்சுது, எண்ணுனது ஜூன் 4. நடுவுல ஒன்றர மாசம் எவன் எவனுக்கு லஞ்சம் குடுத்து எந்த ஓட்ட வாங்க போறான், ஓட்டுதான் மிஷின்ல பூட்டி இருக்கே? ஏழு கட்டமா இழுத்தா அதுக்கு எங்கம்மா மாத்திரைய நிறுத்தணுமா? இத்தனைக்கும் பழைய பென்ஷன குடுக்கக் கூடாதுன்னு விதில எங்கயும் இல்ல, புதுசா திட்டம் அறிவிக்கத்தான் தட. ஆபீசுக்கு வேல செய்யாம இருக்க ஒரு சாக்கு.

மூணாவது_ஷிப்ட்:
இது நூத்துக்கு நூறு உண்மைங்க அம்மா. நாங்களே சொல்லுவோம், ‘தேர்தல் முடியட்டும்’னு. தேர்தல் டூட்டிக்கு பாதிப்பேர் போயிர்றோம், மீதிப்பேர் ஃபைல்ல கை வைக்க பயப்படுறாங்க.

கணக்கு_வாத்தி:
1998லயே இந்திரஜித் குப்தா கமிட்டி தேர்தல் செலவுல ஒரு பங்க அரசாங்கமே பொருளா குடுக்கலாம்னு சொல்லுச்சு. அத செஞ்சுட்டு கட்சி செலவுக்கும் உச்சவரம்பு போட்டா பாதி பிரச்சன தீரும்.

பழைய_பூத்து:
அதையும் வாங்கி வச்சுக்குவான், இதையும் செலவு பண்ணுவான் வாத்தியாரே. நம்ம வரிப்பணத்துல அவன் வண்டிக்கு டீசல் வேறயா?

கணக்கு_வாத்தி:
கணக்கு தணிக்கைக்குள்ள வந்தாத்தான் பணம்னு கண்டிஷன் போடணும்ணே.

பழைய_பூத்து:
போடுறதும் அவன்தான, எடுக்கறதும் அவன்தான.

காராம்பசு:
ஷிப்ட் சார், சண்ட இல்ல, நெசமாவே கேக்கேன். அடுத்த எலக்‌ஷனுக்கு எங்கப்பா எத கைல வச்சுக்கணும்?

மூணாவது_ஷிப்ட்:
சந்தை வாசல்ல சுங்கச் சீட்டு குடுப்பாங்கல்ல, அத தூக்கிப் போடாம வைக்க சொல்லுங்க. வாங்குனவர் பேரு, ஊரு, போன் நம்பர், வெல எல்லாம் ஒரு வெள்ளத்தாள்ல எழுதி கையெழுத்து. முடிஞ்சா பாதிய பேங்க்ல போடச் சொல்லுங்க. புடிச்சா ரசீது கேளுங்க, எங்க அப்பீல் பண்ணணும்னு அதுலயே எழுதியிருக்கணும், இல்லன்னா எழுத சொல்லுங்க, கேமரா முன்னாடியே சொல்லுங்க. அது உங்களுக்கும் சாட்சிதான்.

காராம்பசு:
சுங்கச் சீட்டுல எத்தன மாடுன்னுதான் இருக்கும் சார், வெல இருக்காது. வாங்குன ஆளு வெலைய எழுதி கையெழுத்து போடுன்னா போடமாட்டான், பக்கத்து யாவாரிக்கு வெல தெரியக்கூடாதுன்னுதான துண்டே போடுறது. அப்பாட்ட இப்ப படிச்சு காட்டுனேன். தேதி அறிவிச்சா ரெண்டு மாசம் சந்தைக்கே போறதில்லைங்கறாரு, மாட்ட தொழுவத்துலயே கட்டிப் போட்டுக்கறாராம். ரெண்டு ஜோடிக்கு ரெண்டு மாச தவிட்டு கணக்கு இப்பவே போட்டுட்டு இருக்காரு.