பேரன் பேத்திகளோடு கூடாரம் போட்டுத் தங்க இடம் சொல்லுங்க

வணக்கம்ங்க. பொங்கல் லீவுக்குப் பேரன் பேத்திகள் எல்லாரும் ஊருக்கு வருகிறார்கள். பொங்கலை ஒட்டி வருகிற பூப்பறிக்கிற நோம்பி (பண்டிகை) அன்று கிளம்பி, ராத்திரி கூடாரத்தில் தங்கி, மறுநாள் திரும்பலாம் என்று யோசனை. மொத்தம் 14 பேர். கடைக்குட்டிக்கு 4 வயது, என் மாமியாருக்கு 82.

புலிகள் காப்பகத்துக்குள் தீ மூட்டக் கூடாது, அதனால் டாப்சிலிப் பக்கம் யோசிக்கவே இல்லை. ஆழியாறு, திருமூர்த்தி மலை சுற்றுவட்டாரத்தில் விறகடுப்பு மூட்ட விடுகிற தனியார் தோட்டம் தெரியுமா? யானை நடமாட்டம் இல்லாத இடமாக இருக்க வேண்டும். மாமியாருக்கு முட்டி வலி, பனியும் ஆகாது. அவருக்கு ஒரு சாளையும் (தோட்டத்து வீடு) கட்டிலும், மேலே உட்காருகிற கழிவறையும் கட்டாயம். தென்னை மரத்தடியில் மட்டும் கூடாரம் வேண்டாங்க, மட்டையோ காயோ எப்போது விழும் என்று யார் கண்டது?

அப்புறம் சமையல். ராத்திரிக்கு அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய். வீட்டில் ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு, மூன்று டம்ளர் தண்ணீர் வைத்து குக்கரில் முடித்துவிடுவேன். கல் கூட்டிய அடுப்பில், திறந்த குண்டாவில் ஒன்றரைக் கிலோ அரிசி போட்டால் தண்ணீர் எவ்வளவு கூட்டணும்? எந்தப் பதத்தில் விறகை இழுத்துவிட்டு, மூடித் தணலில் விடணும்? மாமியாரைக் கேட்டால், "கண்ணுல பார்த்தாத் தெரியும் போ" என்கிறார்.

பொள்ளாச்சியிலோ கோவையிலோ கூடாரம் வாடகைக்குக் கிடைக்குமா, அதையும் சொல்லுங்க.