புதுப்பிப்பு: சைக்ளோஸ்போரின் எடுக்கும் பூனைக்கு மூக்கில் வீக்கம் – காரணம் தெரிந்தது

பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இதே பிரச்சினையோடு பின்னால் தேடி வருகிறவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன்.

தோல் ஒவ்வாமைக்காக எட்டு மாதமாகச் சைக்ளோஸ்போரின் (எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து) எடுக்கும் என் பூனைக்கு மூக்குத்தண்டில் வீக்கம், ஓயாத தும்மல், இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்தும் குறையவில்லை என்று கேட்டிருந்தேன்.

"வீக்கத்தில் ஊசி போட்டு எடுத்து ஸ்லைடு பார்க்கச் சொல்லுங்க, பூஞ்சையா இருக்கலாம்" என்று ஒருவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. மருத்துவர் என்னையும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். உருண்டையான ஈஸ்ட் செல்கள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒளிவட்டம் மாதிரி தெளிவான உறை. கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை. ரத்தத்தில் இந்தப் பூஞ்சையின் கூறு இருக்கிறதா என்று பார்க்கும் ஆன்டிஜென் பரிசோதனையும் பாசிட்டிவ்.

இட்ராகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தை ஆரம்பித்தோம். நான் எதிர்பார்க்காதது ஒன்று உண்டு: இந்த மருந்து, கல்லீரல் சைக்ளோஸ்போரினைச் சிதைப்பதைத் தடுக்கும். டோஸைக் கூட்டாமலே ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும், எதிர்ப்புச் சக்தி இன்னும் அடங்கிப்போகும். அதனால் மருத்துவர் சைக்ளோஸ்போரினை முதலில் குறைத்து, பிறகு நிறுத்தினார். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள். அரிப்பு கொஞ்சம் திரும்பியது. கழுத்துக்கூம்பு போட்டுச் சமாளிக்கிறோம்.

ஆறு வாரத்தில் வீக்கம் வடிந்துவிட்டது, தும்மலும் இல்லை. ஆனாலும் இட்ராகோனசோலை நிறுத்தவில்லை. ஆன்டிஜென் நெகட்டிவ் ஆகும்வரை, பல மாதம்கூட, தொடர வேண்டுமாம். இது கல்லீரலைப் பாதிக்கலாம் என்பதால் பசி குறைகிறதா என்று தினமும் கவனிக்கிறேன், கல்லீரல் என்சைமும் மாதாமாதம் பார்க்கிறோம்.