ஆர்க்கிமேட் படத்தில் கோடுகள் சிக்குகின்றன, எப்படிப் பிரிப்பது?

கேள்வி: பெங்களூரு வைட்ஃபீல்டில் ஒரு வங்கி ப்ராஜெக்ட். கடன் விண்ணப்பம் முதல் சர்வர் வரை எல்லாம் ஒரே ஆர்க்கிமேட் படத்தில் (நிறுவனத்தின் வேலைகள், மென்பொருள்கள், கணினிகள் எப்படி இணைகின்றன என்று பெட்டிகளாலும் கோடுகளாலும் காட்டும் வரைமுறை). கடன் பிரிவு மேலாளருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எங்கே தொடங்கலாம்?

பதில்: தம்பி, முதலில் பார்ப்பவருக்கு ஏற்றபடி படத்தைப் பிரித்துவிடுங்கள். விண்ணப்பம் எங்கே தேங்குகிறது என்று பார்ப்பவருக்கு சர்வர் பெட்டி எதற்கு? அப்புறம், வணிக அடுக்கு மேலே, செயலிகள் நடுவில், தொழில்நுட்பம் கீழே. எது எதற்குச் சேவை தருகிறது என்று காட்டும் சேவைக் கோடுகள் கீழிருந்து மேலாகவே போகட்டும். ‘கடன் பரிசீலனை’யின் பகுதிதான் ‘ஆவணச் சரிபார்ப்பு’ என்றால் கோடே வேண்டாம், அந்தப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். ஆர்க்கிமேட் இதை அனுமதிக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். படம் உடனே மூச்சுவிடும்.

இன்னொருவர்: இந்த மூன்று அடுக்குகளுக்கும் மஞ்சள், நீலம், பச்சை என்று நிறம் கொடுப்பதெல்லாம் வழக்கம்தான், தரநிலையில் கட்டாயமில்லை. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

கேட்டவர்: சரி அண்ணா. மேலாளர் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துத்தான் பார்ப்பார். ஓரத்தில் குறிவிளக்கமும் சேர்த்துவிடுகிறேன்.