புதுப்பிப்பு: வால்பாறை முதல் கோடியக்கரை வரை பறவை பார்த்துவிட்டு வந்தாச்சு

கோவையிலிருந்து வழிகாட்டியோடு காடு, குளம், கடற்கரை மூன்றும் ஒரே சுற்றில் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேனே, ஜனவரியில் போய் வந்துவிட்டோம்.

கொடுத்த காசு வால்பாறைக்கே தகும். 40 கொண்டை ஊசி வளைவு ஏறி, அத்தி மரத்தடியில் கழுத்து வலிக்க நின்றால் மேலே பெரிய இருவாச்சி (ஹார்ன்பில் பறவை) ஜோடி. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது, வழிகாட்டி அண்ணன் பைனாகுலரைக் கையில் கொடுத்து, "கண்ணைப் பாருங்க, செவப்பா இருந்தா ஆணுங்க, வெள்ளையா இருந்தா பொண்ணுங்க" என்றார். அப்புறம் ஆண், பெண் குழப்பமே வரவில்லை.

திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்கு வழிகாட்டி எதுக்கு என்று சிலர் கேட்டீர்கள். 2024-இல் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த குளம்தான், தனியாகவே போகலாம், சரி. ஆனால் இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தை, தலையில் அந்த இரண்டு கறுப்புக் கோடுகளோடு, ஆள் காட்டாமல் நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

கோடியக்கரைதான் இடித்தது. பூநாரைகள் (ஃபிளமிங்கோ) இருந்தன, தலையைக் கவிழ்த்துச் சேற்றுத்தண்ணீரை வடிகட்டித் தின்பதையும் பார்த்தோம், ஆனால் அவ்வளவு தூரம் வேனில் போய்ச் சேர்ந்தபோது யாருக்கும் முதுகு இல்லை. அதைப் பிரித்து, வேதாரண்யத்தில் தங்கித் தனியாகப் பாருங்கள். வெள்ளோடு பறவைகள் சரணாலயம் இந்தத் திட்டத்தில் இல்லை, ஈரோட்டுக்காரர்கள் மன்னிக்கவும்.