தட்டச்சு எழுத்துகளால் கட்டடம் வரைவதில் ஓர் ஐயம்

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலத் தட்டச்சுப் பொறியின் எழுத்துகளை மட்டுமே கொண்டு ஒரு பழைய கட்டடத்தை வரைந்து வருகிறேன். என் பொறியில் ஓர் அங்குலத்திற்குக் குறுக்காக 10 எழுத்துகளும் நெடுக்காக 6 வரிகளும் அமைவதால், ஒவ்வொரு கட்டமும் அகலத்தைவிட உயரம் மிகுந்திருக்கிறது. ஆகவே முதலில் தாளில் கட்டம் போட்டு எண்ணிக்கொண்ட பிறகே அடிக்கிறேன். தூணுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்து I, வளைவுக்கு அடைப்புக்குறி, நிழலுக்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மூன்று எழுத்துகள் என ஓரளவு கைவந்துவிட்டது. (நிழல் விழுந்த சுவரை அடிப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை.)

சரிவான கூரையின் விளிம்பு மட்டும் படிக்கட்டுப் போலவே தெரிகிறது. தாளைத் தாங்கும் உருளையை விடுவித்து, தாளைக் கையால் சிறிது சிறிதாக நகர்த்தி அடித்தபோது கோடு சீரானது. ஆனால் மீண்டும் பழைய வரிக்குத் துல்லியமாகத் திரும்ப இயலவில்லை. இதில் பழகியவர்கள் வரியைத் தவறவிடாமல் சரிவை எவ்வாறு அடிக்கிறீர்கள் என்று தயவுசெய்து விளக்குங்கள்.