ஜட்லாண்ட் ஆட்டம்: ஆறு வரிசைகளை எந்தப் பக்கம் விரிப்பது?

கேள்வி (களியக்காவிளை)
பாறசாலை நண்பர்களுடன் ஞாயிறுதோறும் கூடி, முதல் உலகப் போரில் பிரிட்டனும் ஜெர்மனியும் மோதிய 1916 மே 31 ஜட்லாண்ட் கடற்போரை மேசை ஆட்டமாக ஆடி வருகிறோம். பிரிட்டிஷ் தரப்பு என்னுடையது. 24 போர்க்கப்பல்கள், வரிசைக்கு நான்காக ஆறு வரிசைகளில், தென்கிழக்கு நோக்கிச் செல்கின்றன. ஜெர்மன் படை தென்மேற்கில் மூடுபனிக்குள் நெருங்குகிறது என்று மட்டுமே நடுவர் அறிவித்திருக்கிறார். இந்த ஆறையும் ஒரே நீண்ட வரிசையாக விரிக்க வேண்டும். வலக்கோடி வரிசையை முன்னிறுத்தி விரித்தால் உடனே சுடலாம். இடக்கோடியை முன்னிறுத்தினால் தூரம் கூடி, மாலை வெளிச்சம் கரைந்துவிடும். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில் 1 (கொல்லங்கோடு)
இடப்பக்கமே விரியுங்கள், ஐயா. அன்றைய பிரிட்டிஷ் தளபதி ஜெல்லிகோவும் அதையே செய்தார். வலக்கோடி எதிரிக்கு மிக அருகில் இருப்பதால், மற்ற வரிசைகள் பின்னால் வந்து சேர்வதற்குள் அந்த நான்கு காய்கள் மீதே ஜெர்மன் முன்வரிசையின் குண்டுகளும், நீருக்கடியில் பாய்ந்து வெடிக்கும் டார்பிடோக்களும் குவியும். எல்லைச் சோதனைச் சாவடியில் லாரிகள் ஒரே இடத்தில் ஒவ்வொன்றாகத் திரும்புவது போல உங்கள் கப்பல்களும் திரும்புவதால், எதிரி அந்த ஒரு புள்ளிக்குக் குறிவைத்தாலே போதும். 1905இல் ரஷ்யாவுக்கு எதிரான சுஷிமா கடற்போரில் ஜப்பானியத் தளபதி டோகோ அந்த ஆபத்தை ஏற்றார். அவருடைய தலைமைக் கப்பல் மிகாசா அதற்காக அடி வாங்கியது. இடப்பக்கம் விரித்தால் உங்கள் வரிசை எதிரியின் முகப்புக்குக் குறுக்கே நிற்கும், பக்கவாட்டுப் பீரங்கிகள் அனைத்தும் சுடும், எதிரியோ முன்பீரங்கிகளை மட்டுமே பயன்படுத்த முடியும். வெளிச்சமும் உங்களுக்கே சாதகம்: மேற்கு வானத்தின் எதிரே அவர்கள் தெளிவாகத் தெரிவார்கள், கிழக்கு மங்கலில் நீங்கள் மறைவீர்கள்.

பதில் 2 (செங்கோட்டை)
நடு வரிசையை முன்னிறுத்தும் மூன்றாம் வழியும் உண்டு. பின்னாளில் சர்ச்சில் அதைப் பரிந்துரைத்தார். ஆனால் அதற்குக் கட்டளைகள் கூடுதலாகத் தேவைப்படும், ஒரு கொடிக்கட்டளை பிசகினால் வரிசையே குலையும். எனவே நானும் இடப்பக்கத்தையே சொல்வேன்.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் நன்றி. எதிரி பின்வாங்கினால் என் குறுக்குவரிசை வீணாகாதா?

பதில் 1 (கொல்லங்கோடு)
ஜெர்மன் தளபதி ஷீயர் அன்று செய்தது அதுவே. எல்லாக் கப்பல்களையும் ஒரே நேரத்தில் திருப்பிப் பனிக்குள் மறைந்தார். அப்போது நேராகத் துரத்தாதீர்கள். அவருடைய டார்பிடோப் படகுகள் காத்திருக்கும். தெற்கே இறங்கி, அவர் துறைமுகத்துக்குத் திரும்பும் வழியை அடையுங்கள். உங்கள் இலகு குரூசர்களை (வேகமான சிறு போர்க்கப்பல்களை) ஆட்டத்தின் இந்தச் சுற்றிலேயே மேற்குப் பக்கம் அனுப்பி, அவர் எங்கே திரும்புகிறார் என்பதைக் கண்காணிக்கச் செய்யுங்கள்.